ஓடுகிற சிஸ்டத்தை விற்ற கம்பெனியே ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை?

ஆகஸ்ட் 4, 2025, இரவு 9.40 (கேள்வி)

ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் ஐடி பிரிவில் சேர்ந்திருக்கிறேன் அண்ணா. ஸ்டோர்ஸ், சம்பளம், டெஸ்பாட்ச் எல்லாமே ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கம்ப்யூட்டரில் ஓடுகிறது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. நான் சேர்ந்ததிலிருந்து அது நின்று பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெட்டியை விற்ற ஏஜென்சிக்காரர் வரும்போதெல்லாம் கிளவுடைப் பற்றித்தான் பேசுகிறார். இதைப் பற்றிக் கேட்டால் "அதான் ஓடுதே" என்று சிரிக்கிறார். நல்ல பொருளை விற்றவர்களே ஏன் ஒதுக்குகிறார்கள்? இதைக் கற்றுக்கொண்டால் எனக்குப் பிழைப்பு உண்டா?

ஆகஸ்ட் 4, இரவு 10.55 (பதில்)

"அதான் ஓடுதே" என்று அவர் சிரித்ததிலேயே பாதி பதில் இருக்கிறது தம்பி. அவருக்கு மாதாமாதம் டார்கெட் உண்டு. உங்கள் ஆலை பெட்டியை வாங்கிவிட்டது, ஏஎம்சி என்ற பராமரிப்பு ஒப்பந்தம் வருடா வருடம் தானாகப் புதுப்பிக்கப்படுகிறது, அதில் அவருக்குப் பெரிதாகக் கமிஷன் நிற்காது. புதிதாக ஏதாவது தலையில் கட்டினால்தான் அவருக்குச் சோறு. ஆள் கெட்டவர் இல்லை, எதற்குக் காசு தருகிறார்களோ அதைப் பேசுகிறார்.

பிழைப்பு பற்றிய கேள்விக்கு அப்புறம் வருகிறேன், அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 5, காலை 7.15

ராத்திரி எழுதியது போதாது என்று தோன்றுகிறது. கமிஷன் மட்டும் காரணம் என்றால் எல்லாப் பழைய பொருளுக்கும் இதே கதிதான் வந்திருக்க வேண்டும். இந்தப் பெட்டிக்கு வந்த கதிக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அது அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

ஏஎஸ்/400 அறிவிக்கப்பட்டது 1988 ஜூன் 21. சிஸ்டம்/36, சிஸ்டம்/38 என்ற இரண்டு பழைய வரிசைகளுக்கும் வாரிசாக ஐபிஎம் இதை அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உருவாக்கியது. யாருக்காக என்றால், கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் என்று தனியாக வைத்துக்கொள்ள வசதியில்லாத நடுத்தரக் கம்பெனிகளுக்காக. டேட்டாபேஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பயனாளர் உரிமை, பேக்கப், பிரிண்ட் வரிசை, இரவு வேலைகளை வரிசைப்படுத்துவது எல்லாம் உள்ளேயே. மெமரிக்கும் டிஸ்க்குக்கும் ஒரே முகவரிப் பரப்பு என்பதால் எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஆலையில் இதைக் கவனித்துக்கொண்டவர் உண்மையில் அக்கவுண்ட்ஸ்காரர். சாயங்காலம் டேப்பை மாற்றிவிட்டு, மெசேஜ் வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

இதுதான் வினை. அதே காலத்தில் யூனிக்ஸ் சர்வர் வாங்கிய ஆலையில் டேட்டாபேஸுக்குத் தனி லைசென்ஸ், அதைப் பார்க்க ஓர் ஆள், ஸ்டோரேஜுக்கு ஓர் ஆள், பேக்கப் சாஃப்ட்வேர் விற்க ஒரு கம்பெனி, இவ்வளவு பேருக்கும் பயிற்சி தர ஒரு கம்பெனி. அத்தனை பேரும் அந்தச் சர்வரால் பிழைத்தார்கள், அதனால் அத்தனை பேரும் அதைப் பற்றிப் பேசினார்கள். இந்தப் பெட்டியைச் சுற்றி யாரும் பிழைக்கவில்லை. தொந்தரவு தராத பொருளுக்குப் பரிந்து பேச ஆள் சேராது.

1995-ல் 48 பிட் முகவரி கொண்ட பழைய பிராசசரை விட்டு 64 பிட் பவர்பிசிக்கு மாறினார்கள். புரோகிராமைக் கம்பைல் செய்து மெஷின் மொழிக்கு மாற்றும்போதே ஒரு இடைநிலை வடிவமும் கூடவே தங்கிவிடும். அதை யாரும் நீக்காமல் வைத்திருந்தால், புதுப் பெட்டியில் ரெஸ்டோர் செய்தாலே போதும், சிஸ்டமே புதிய பிராசசருக்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொள்ளும். சோர்ஸை, அதாவது புரோகிராமர் எழுதிய மூலத்தைத் தேட வேண்டாம், புரோகிராமரைக் கூப்பிட வேண்டாம். இவ்வளவு பெரிய வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிட்டு அதைத் தம்பட்டம் அடிக்காமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 5, மதியம் 1.30

"ஐபிஎம் அதை எப்போதோ மூடிவிட்டது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மூடவில்லை. அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் 7.4 பதிப்பு வந்தது 2019-ல், 7.5 வந்தது 2022-ல், 7.6 2025 ஏப்ரலில் வந்தது, இரண்டடுக்கு உள்நுழைவுச் சரிபார்ப்பை ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயே சேர்த்து. உள்ளே இன்ஜினியர்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். விற்பதிலும் சொல்லிக்கொடுப்பதிலும்தான் அக்கறை குறைந்துவிட்டது.

ஆனால் அவர் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. 2000-ல் ஐசீரீஸ் என்றார்கள், அப்புறம் ஐ5, அப்புறம் சிஸ்டம் ஐ, 2008-ல் யூனிக்ஸ் வரிசையோடு சேர்த்து பெட்டிக்கு பவர் சிஸ்டம்ஸ் என்றும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஐபிஎம் ஐ என்றும் பெயர் வைத்தார்கள். "ஐ" என்ற ஒற்றை எழுத்தைப் போட்டு வேலைவாய்ப்புத் தளத்தில் தேடிப் பாருங்கள், உலகத்தில் உள்ள எல்லா வேலையும் வரும், உங்கள் வேலையைத் தவிர. ஓசூரில் இன்றைக்கும் "ஏஎஸ் ஃபோர் ஹண்ட்ரட்" என்றால்தான் ஆளுக்குப் புரிகிறது.

ஆகஸ்ட் 6, இரவு 8.20

தர்மபுரி ரோட்டோரத்துப் புளியமரங்களை ஏலம் விடுவார்கள் இல்லையா, விற்ற கம்பெனி செய்வதும் அதுதான். குத்தகை எடுத்தவர் தை மாசியில் ஆளோடு வந்து உலுக்கிக்கொண்டு போவார். தண்ணீர் ஊற்ற மாட்டார், பக்கத்தில் ஒரு கன்று நட மாட்டார், அவருக்கு அந்த வருடக் காய்தான் கணக்கு. மரமும் கேட்காமலே காய்த்துக்கொண்டிருக்கும். ஏஎம்சி வருமானம் அந்தக் காய்.

ஆகஸ்ட் 6, இரவு 8.45

"அப்போ தண்ணி ஊத்த வேண்டியது யாரு, நாமளா?" என்று கேட்டிருக்கிறார்கள். நாமும் ஊற்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதலாளிகளிடம் அப்கிரேட் என்று வாயைத் திறந்தால் "ஓடுது இல்ல, விடுங்க" என்பார்கள். ஏஎம்சியையும் கட்டாமல் நிறுத்திவிட்டு, 2006-ல் வந்த வி5ஆர்4 என்ற பழைய பதிப்பிலேயே இன்னும் காலம் தள்ளும் இடங்களை எனக்குத் தெரியும். காசு கட்டாதவர் விற்றவரின் லெட்ஜரில் இருப்பதில்லை. அப்புறம் "எங்களை மதிக்கவில்லை" என்று புலம்புவதில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் காமன் என்ற பயனாளர் சங்கம் 1960-லிருந்து இருக்கிறது. ஐபிஎம்முக்கு இது வேண்டும் அது வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுப்பார்கள், கொஞ்சம் நடக்கவும் செய்யும். நம் பக்கம் அப்படிக் கூடிப் பேசுவதற்கு டீக்கடையைத் தவிர இடம் இல்லை.

ஆகஸ்ட் 7, இரவு 11.10

உண்மையிலேயே கைவிடுவது என்றால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஆலை வேலையை விட்ட பிறகு என் பிழைப்பு ஃபாக்ஸ்புரோ, டேட்டாபேஸோடு சேர்ந்து வரும் ஒரு புரோகிராம் மொழி. கிருஷ்ணகிரி சுற்றுவட்டார மாம்பழக்கூழ் ஆலைகள், கிரானைட் பட்டறைகள், ஒன்றிரண்டு அரிசி மண்டிகள். மைக்ரோசாஃப்ட் 1992-ல் ஃபாக்ஸ் கம்பெனியை வாங்கியது, விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 வந்தது 2004 கடைசியில், 2007 மார்ச்சில் இனி அடுத்த பதிப்பு இல்லை என்று அறிவித்தார்கள், 2015 ஜனவரியோடு சப்போர்ட்டும் முடிந்தது.

ஏன் என்று அப்போது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், மொழி பழசு, இண்டர்நெட்டுக்கு ஒத்துவராது என்று. என் கணக்கு வேறு. ஃபாக்ஸ்புரோவை நான் ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் போதும். அதில் எழுதிய புரோகிராமை, அதை ஓட வைக்கும் ரன்டைமோடு சேர்த்து எத்தனை வாடிக்கையாளருக்கு வேண்டுமானாலும் ராயல்டி இல்லாமல் கொடுக்கலாம். டேட்டாபேஸும் அதற்குள்ளேயே. ஆக, என் வாடிக்கையாளர் பத்துப் பதினைந்து மெஷினில் தொழில் முழுவதையும் நடத்துவார், மைக்ரோசாஃப்டுக்கு அதற்காக ஒரு பைசா போகாது. அதே கம்பெனி பக்கத்து அறையில் எஸ்க்யூஎல் சர்வர் விற்கிறது, அங்கே ஒவ்வொரு பயனாளருக்கும் காசு. எந்தப் பிள்ளைக்குச் சோறு போடுவார்கள்?

ஒரு கூழ் ஆலையின் எடைமேடையைப் பாருங்கள். சீசனில் தோத்தாபுரி ஏற்றிய லாரிகள் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும். எடை காட்டும் பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எண் வரும், ஃபாக்ஸ்புரோ அதைப் படித்து லோடு எடை, காலி லாரி எடை, கழிவு எல்லாம் போட்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் வைத்து மூன்று காப்பி அடிக்கும். விவசாயிக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. பழைய கம்ப்யூட்டர் ஒரு சீசன் நடுவில் செத்தது. புதிதாக வந்ததில் சீரியல் போர்ட்டே இல்லை. யூஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டால் விண்டோஸ் அதற்கு காம்7 என்று எண் கொடுத்தது, புரோகிராம் காம்1-ஐத் தவிர வேறெதையும் பார்க்காது. டிவைஸ் மேனேஜரில் போய் எண்ணை மாற்றினேன். அப்புறம் பார்த்தால் ஆபீசில் ஓடிய ஸ்டாக் புரோகிராம் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ 2.6. 64 பிட் விண்டோஸ் அதைத் தொடாது. டாஸ் புரோகிராமை ஓட்டுவதற்கென்றே இருக்கும் விடாஸ் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு அதற்குள் ஓட வைத்தேன். வெளியே டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த வாரமே ஒரு சாஃப்ட்வேர் விற்பனையாளர் வந்து எடைமேடையையும் கிளவுடுக்கு மாற்றலாம் என்றார். நெட் போய்விட்டால் என்ன செய்வது என்று முதலாளி கேட்டார். "உங்க செல்லுல ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாம் சார்." முதலாளி செல்லைக் காட்டினார், சிக்னல் ஒரு கோடு.

ஆகஸ்ட் 8, காலை 6.50

ஜிஎஸ்டி வந்தபோது ஃபாக்ஸ்புரோ செத்துவிடவில்லையா என்று ஒரு தணிக்கையாளர் கேட்கிறார். 2017 ஜூலை 1-க்கு முந்தைய வாரங்களில் எல்லோரும் அப்படித்தான் ஆரூடம் சொன்னார்கள். பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு பத்தியும் சரக்கு வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண்ணுக்கு ஒரு பத்தியும் சேர்த்தோம், தீர்ந்தது. பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ்தான் கொஞ்சம் பயமுறுத்தியது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஆரம்பித்து, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1-லிருந்து 5 கோடிக்கு வந்தது, அப்போதுதான் என் ஆட்கள் மாட்டினார்கள். ஆனால் அந்த போர்ட்டல் கேட்கும் ஜேசன் என்பது கடைசியில் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தானே? ஃபாக்ஸ்புரோவுக்கு டெக்ஸ்ட் ஃபைல் எழுதத் தெரியாதா? எழுதி, போர்ட்டலில் ஏற்றி, திரும்பி வரும் எண்ணையும் க்யூஆர் குறியீட்டையும் பில்லில் போட்டுக் கொடுத்தோம். சிக்கல் வந்தது பிரிண்டரில்தான். எங்கள் டாட் மேட்ரிக்ஸ் அடித்த க்யூஆரை எந்த செல்போனும் படிக்கவில்லை. இப்போது பில்லுக்கு லேசர், எடைச்சீட்டுக்குப் பழைய பிரிண்டர்.

ஆகஸ்ட் 8, இரவு 10.05

காலையில் எழுதியதைப் படித்தால் பழசே பொன் என்று நான் சொல்வதுபோல் தெரிகிறது. அப்படியில்லை. கரண்ட் போனால் ஃபாக்ஸ்புரோவில் தேடுவதற்கான இண்டெக்ஸ் உடையும், சீசனில் இரண்டு மணிக்குப் போன் அடித்து "ரீஇண்டெக்ஸ் பண்ணுங்கண்ணா" என்பார்கள். ஒரு டேபிள் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. பாஸ்வேர்டு என்று நாம் போடுவதெல்லாம் வாசற்கதவுக்கு மட்டும்தான், டேட்டா இருக்கும் டிபிஎஃப் ஃபைலை யார் வேண்டுமானாலும் நேராகத் திறந்து படிக்கலாம். இனி ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆள் வராது. மாற வேண்டியவர்கள் மாறத்தான் வேண்டும். என் கோபம் மாற்றத்தின் மேல் இல்லை, எப்போது மாறுவது என்பதை விற்றவரின் வருமானம் முடிவு செய்வதன் மேல்.

ஆகஸ்ட் 9, மாலை 4.30

பெரிய ஆலைகள் "நாங்கள் எப்போதோ எஸ்ஏபிக்குப் போய்விட்டோம்" என்று ஒரு பெரிய நிர்வாக சாஃப்ட்வேரின் பெயரைப் பெருமையாகச் சொல்வார்கள். ஏஎஸ்/400-ஐ பழசு என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போனவர்கள் இவர்கள். அவர்கள் போனது எஸ்ஏபியின் இசிசி 6.0 பதிப்புக்கு. இப்போது அதற்கும் 2027 கடைசியோடு வழக்கமான பராமரிப்பு முடிகிறது, அடுத்த தலைமுறையான எஸ்/4ஹானாவுக்கு வாருங்கள் என்கிறார்கள். முதலில் 2025 என்றுதான் சொல்லியிருந்தார்கள், வாடிக்கையாளர்கள் நகரவில்லை என்றதும் தள்ளி வைத்தார்கள், கூடுதல் காசு கட்டினால் 2030 வரைக்கும் பார்த்துக்கொள்வார்களாம். இங்கே பொருள் கெட்டுப்போகவில்லை, இன்வாய்ஸ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. விற்றுத் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, இரவு 9.15

கைவிடப்பட்ட பொருள் பிழைத்ததற்கு ஓர் உதாரணம் கேட்டிருக்கிறார்கள், நியாயம்தான். ஓபன்விஎம்எஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். டிஇசி என்ற கம்பெனி 1977-ல் வாக்ஸ் மெஷினோடு கொண்டுவந்தது, அது காம்பேக் கைக்குப் போய், அங்கிருந்து எச்பி கைக்குப் போனது. 2013-ல் எச்பி புதிய சர்வர்களுக்கு அதைக் கொண்டுபோக மாட்டோம் என்றது. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த வருடமே விஎஸ்ஐ என்ற சின்னக் கம்பெனி உரிமம் வாங்கியது, 2022-ல் எக்ஸ்86 பிராசசரில் ஓடும் பதிப்பை வெளியிட்டார்கள். எச்பிக்கு அது கணக்குப் புத்தகத்தில் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண். விஎஸ்ஐக்கு அதுதான் சாப்பாடு.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. முதல் நாள் நான் கமிஷன் என்று சொன்னதும், புளியமரம் என்று சொன்னதும் பெரிய கம்பெனிக்குத்தான் பொருந்தும். அளவு மாறினால் அதே பொருள் நல்ல தொழில். அப்படியென்றால் மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸ்புரோவை யாருக்காவது விற்றிருக்கலாமே? 2007-லேயே மனு போட்டுக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. தான் விற்கும் பொருளுக்கு எதிரே இன்னொருவன் கடை போட யார் சாவி கொடுப்பார்கள்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு, காலை 10.20

தம்பியின் இரண்டாவது கேள்வி. பிழைப்பு உண்டு, ஆனால் ஏணி கிடையாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி எதிலும் ஏஎஸ்/400-க்குப் புரோகிராம் எழுதும் ஆர்பிஜி மொழியைச் சொல்லித்தர நான் கேள்விப்பட்டதில்லை, ஆனால் ஆள் எடுக்கும் விளம்பரத்தில் ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். அந்த ஐந்து வருடம் எங்கிருந்து வரும்? விற்றவர் கற்றுக்கொடுப்பதை நிறுத்தினால் பொருள் இருக்கும்போதே ஆள் தீர்ந்துபோவார்கள், அப்புறம் "ஆள் கிடைப்பதில்லை, அதனால் மாறுங்கள்" என்று அவரே வந்து சொல்வார். இந்த வட்டத்துக்குள் நீங்கள் ஏற்கெனவே நுழைந்துவிட்டீர்கள், அதுதான் உங்கள் லாபம்.

கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. பப்400 என்று இலவசமாகக் கணக்குத் தரும் சர்வர் ஒன்று இருக்கிறது, வீட்டிலிருந்தே பழகலாம். ஆர்பிஜி இப்போது பத்தி பார்த்து எழுதும் மொழி இல்லை, சாதாரண மொழி மாதிரிதான் எழுதுகிறார்கள், விஎஸ் கோடு எடிட்டரிலேயே அதற்கு நீட்சி இருக்கிறது. பைத்தான், நோட்.ஜேஎஸ் இரண்டும் அந்தப் பெட்டியில் ஓடும். எஸ்க்யூஎல் நன்றாகப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது டிபி2 டேட்டாபேஸ், எங்கே போனாலும் உதவும்.

இதைவிட முக்கியம், உங்கள் ஆலையில் சோர்ஸ் எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புரோகிராம் ஓடும், சோர்ஸ் எப்போதோ காணாமல் போயிருக்கும், நிறைய இடத்தில் இதே கதை. அப்புறம் பேக்கப் டேப்பை யாராவது ரெஸ்டோர் செய்து பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டதும் அறையில் ஒரு அமைதி வரும், பாருங்கள். சம்பள புரோகிராமில் ஏதோ ஒரு டிபார்ட்மெண்டுக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு என்று பழைய ஆளிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எந்தப் பெட்டிக்கு மாறினாலும் அந்த விவரம் தெரிந்தவர்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 10, இரவு 9.50

தம்பி பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார், டெஸ்பாட்ச் சலான் அடிக்கும் புரோகிராமுக்குச் சோர்ஸ் இல்லையாம். நல்லது, இப்போதாவது தெரிந்ததே. அவசரப்பட்டு யாரிடமும் போய் உடைக்காதீர்கள், முதலில் பழைய சேவ் ஃபைல்களில் தேடுங்கள், லைப்ரரி பெயர் மாறியிருக்கலாம்.

ஆகஸ்ட் 11, காலை 7.40

பர்கூரிலிருந்து ஒருவர், விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14 வரைதானே, விண்டோஸ் 11-ல் ஃபாக்ஸ்புரோ 9 ஓடுமா என்று கேட்கிறார். ஓடும், அது 32 பிட். ஆனால் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போடாதீர்கள், டேபிளில் எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தந்த யூசருக்கான விர்ச்சுவல்ஸ்டோர் ஃபோல்டருக்குத் திருப்பிவிடும், ஒவ்வொரு யூசருக்கும் ஒவ்வொரு ஸ்டாக் தெரியும். டி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு, அதற்கு எழுதும் உரிமை கொடுத்துவிடுங்கள். பிரிண்டர் பழைய எல்பிடி போர்ட்டா யூஎஸ்பியா என்று சொன்னால் மீதியைச் சொல்கிறேன்.